அம்பு தைக்கும் இடம்

வில்லின் வளைவைப் புகழ்ந்தும் அம்பின் வேகத்தை வியந்தும் உலகத்து மொழிகளிலெல்லாம் எத்தனையோ நூல்கள் தோன்றியிருக்க, நாள்தோறும் நூறு முறை அடிபட்டும் அசையாது நின்று வில்லாளிக்கு வித்தை கற்பித்த மண்மேட்டையும் வைக்கோல் திரணையையும் நினைத்துப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. துரோணர் தம் மாணாக்கரைப் பரீட்சித்த கதையில் அர்ச்சுனனின் ஒருமுகப்பட்ட பார்வையை நாம் போற்றுகிறோம். ஆனால் அன்று மரக்கிளையில் இருந்தது அந்தப் பரீட்சைக்கென்றே ஆசிரியர் செய்வித்து வைத்த பொம்மைப் பறவை என்பதையும், எந்த இலக்கின்முன் மாணாக்கனை நிறுத்துவது என்று தீர்மானிப்பதிலேயே ஆசிரியத் தொழிலின் பாதி அடங்கியிருக்கிறது என்பதையும் அவ்வளவாக எண்ணுவதில்லை. ஓர் உயிரைக் கொல்லக் கருதி அகன்ற அலகு பூட்டிய அம்பை எய்து பழகுகிறவன், அந்தப் பழக்கத்துக்கு எதை இலக்காக வைத்துக்கொள்வது என்று நூற்றாண்டுகளாகத் தேடி வந்த வரலாறு ஒரு கைத்தொழிலின் வரலாறு. கூர்ந்து நோக்கினால் அது மனச்சாட்சியின் வரலாறாகவும் விளங்கும்.

வேட்டையம்பின் இயல்பை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். ஆங்கிலேயர் பிராட்ஹெட் என்று வழங்கும் அதன் முனை, போட்டிக்கு எய்யும் அம்பின் முனையைப்போல் கூம்பிய ஆணியாக இராமல், இரண்டோ மூன்றோ நான்கோ அலகுகளாக விரிந்து, ஒவ்வோர் அலகின் விளிம்பும் சவரக்கத்திபோல் தீட்டப்பட்டிருக்கும். துப்பாக்கிக் குண்டு மோதலின் வேகத்தால் உடலைச் சிதைத்துக் கொல்லும். வேட்டையம்போ அறுத்துக்கொண்டு சென்று, குருதியை வடியச் செய்து கொல்லும். ஆகவே அலகு கூராக இருக்க வேண்டும். அது நுரையீரலும் இருதயமும் உள்ள மார்புக்கூட்டில் தைக்கவும் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று தவறினாலும், அடிபட்ட மான் வெகுதூரம் ஓடி, எங்கோ ஒரு புதரில் நாள் கணக்கில் வேதனைப்பட்டுச் சாகும். அந்த வேதனைக்கு முழுப் பொறுப்பாளி, போதிய அப்பியாசமின்றிக் காட்டுக்குள் புகுந்த வில்லாளியே அன்றி வேறொருவரும் இல்லை.

இங்கேதான் சங்கடம் தொடங்குகிறது. அம்பின் பின்புறத்து இறகுகள் அதன் போக்கைத் திருத்துவதற்காகக் கட்டப்பட்டவை. முன்புறத்தில் விரிந்த அலகுகளோ தாமும் சிறு சிறகுகளாகிக் காற்றைப் பற்றிக்கொண்டு, இறகுகளின் திருத்தத்துக்கு எதிராக அம்பை ஒரு பக்கம் இழுக்கப் பார்க்கும். எனவே ஒரே நிறையுள்ள ஆணிமுனை அம்பும் அலகுமுனை அம்பும் ஒரே கையால் எய்யப்பட்டாலும் ஒரே இடத்தில் தைப்பதில்லை. வேட்டைக்குரிய அம்பையே எய்து பழக வேண்டும் என்ற நியாயம் இதிலிருந்து பிறக்கிறது. ஆனால் அந்த அம்பை எய்தால் இலக்கின் கதி என்ன? அலகு நார்களை விலக்கிக்கொண்டு நுழையாமல் அறுத்துக்கொண்டு நுழைகிறது; பிடுங்கும்போது மறுபடியும் அறுக்கிறது. மென்மையான இலக்கு சில நாட்களில் கிழிந்து போகிறது. கடினமான இலக்கில் அலகு மழுங்கிப் போகிறது. இலக்கைக் காக்க அம்பை மாற்றிக்கொள்வதா, அம்பைக் காக்க இலக்கை மாற்றிக்கொள்வதா என்ற இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே பயிற்சி இலக்குகளின் வரலாறு முழுவதும் சுழன்று வந்திருக்கிறது.

முற்காலத்தவர் பெரும்பாலும் அம்பையே மாற்றிக்கொண்டார்கள். இங்கிலாந்தில் வில் என்பது அரசின் பாதுகாப்புக்கு ஆதாரமாக இருந்த காலத்தில், 1363-ஆம் ஆண்டில் மூன்றாம் எட்வர்டு மன்னர், திடகாத்திரமான ஆண்கள் அனைவரும் திருநாட்களில் பந்தாட்டம் முதலிய வீண் விளையாட்டுக்களை விட்டு வில்லும் அம்பும் பழக வேண்டுமென்று ஆணையிட்டார். 1541-ஆம் ஆண்டில் எட்டாம் ஹென்றியின் சட்டம், ஒவ்வோர் ஊரும் வில்பயிற்சிக்குரிய மேடுகளை அமைத்துப் பேண வேண்டுமென்று விதித்ததோடு, 24 வயதுக்கு மேற்பட்டவர்கள் இலகுவான பயிற்சி அம்புகளைக்கொண்டு 220 கஜத்துக்குட்பட்ட குறிகளை எய்யலாகாது என்றும் கட்டுப்படுத்திற்று. பட்ஸ் என்று அழைக்கப்பட்ட அம்மேடுகள், மண்ணைக் குவித்துப் புல்தரை போர்த்தி எழுப்பப்பட்டவை. அவற்றின் முகத்தில் ஒரு சிறு வெள்ளைக் குறியைப் பொருத்தி எய்வார்கள். இங்கிலாந்தின் பல ஊர்களில் இன்றும் அந்தப் பெயரைத் தாங்கிய தெருக்களும் திடல்களும் இருக்கின்றன. மேடுகள் கரைந்து போன பின்னும் பெயர் மட்டும் கரையாமல் நிற்பது, ஒரு காலத்தில் ஊர்வாழ்க்கையில் அவை பெற்றிருந்த ஸ்தானத்தைக் காட்டுகிறது.

மண்மேடு எளிய சாதனம். எனினும் அதைத் தேர்ந்தவர்கள் அறிவாளிகள். மண் அம்பைத் தடுத்து நிறுத்தும். மழை பெய்தால் மீண்டும் கெட்டிப்படும். குத்துப்பட்ட துளை தானே மூடிக்கொள்ளும். ஆனால் மண்ணில் கலந்த ஒரு சிறு கல்லும் தீட்டிய விளிம்பைக் கெடுத்துவிடும். ஆகையால் ஊரார் அங்கே சிறு ஆணிமுனை பொருத்திய அம்புகளை எய்தார்கள். ரோஜர் ஆஸ்கம் என்னும் கல்விமான் 1545-ஆம் ஆண்டில் வெளியிட்டு எட்டாம் ஹென்றிக்குச் சமர்ப்பித்த ‘டாக்ஸோபிலஸ்’ என்னும் நூல், வில்வித்தையைப் பற்றி ஆங்கிலத்தில் தோன்றிய முதல் நூலாகும். அகன்ற முனைகளையும் கவர்த்த முனைகளையும் ஆராய்கிற ஆஸ்கம், போருக்குச் சிறிய ஒடுங்கிய முனையே ஏற்றது என்றும், அது இலகுவாக இருப்பதால் விரைந்து சென்று வன்மையாகத் தாக்கும் என்றும் முடிவு கூறுகிறார். அகன்ற அலகு அம்பின் போக்கை மாற்றும் என்ற உண்மையை அக்காலத்தவர் அறிந்தே இருந்தனர். அறிந்திருந்தும், வேட்டையாடுவோர் அந்த அம்புக்கென்று தனியே ஓர் இலக்கை அமைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஒருவகை அம்பை எய்து பழகி மற்றொருவகை அம்பைக் கானகத்துக்கு எடுத்துச் சென்றார்கள்.

வேறு தேசங்களிலும் இதே வழக்கத்தைக் காண்கிறோம். ஸ்காத்லாந்தின் கில்வின்னிங் என்னும் ஊரில் மடாலயத்துக் கோபுரத்தின் உச்சியிலிருந்து நீண்ட கம்பத்தில் மரக்கிளியொன்றைக் கட்டி, மொட்டை முனை அம்புகளால் அதை எய்து வீழ்த்தும் விழா நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. ஜப்பானிய வீரர்களோ, ஓடும் விலங்கை எய்யும் திறம் பெறவேண்டிக் குதிரை மேலிருந்து நாயை எய்யும் பயிற்சியை மேற்கொண்டார்கள். 36 வில்லாளிகளும் 150 நாய்களும் சேர்ந்து நடத்தும் அந்தப் பயிற்சியில், நாய்க்குக் காயம் நேராதபடி, உள்ளே குடைந்த உருண்டையான மரமுனையை அம்பில் பொருத்தியிருந்தார்கள். அசையும் இலக்கு வேண்டும், ஆனால் அது சாகக் கூடாது என்று கருதியவர்கள் அம்பைத்தான் மழுக்கினார்கள். அதே தேசத்தில் வில்பிடிக்கும் முறையைச் சீர்திருத்துவதற்காக ஏற்பட்ட மகிவரா என்னும் இலக்கு, வைக்கோலை இறுகச் சுருட்டிக் கட்டிய உருளையாகும்; ஒரு வில்லின் நீளமே உள்ள இடைவெளியில் நின்று அதை எய்யும் மாணாக்கனுக்குக் குறி தவறுமோ என்ற கவலை இல்லை; கையும் தோளும் மூச்சும் ஒழுங்குபட்டனவா என்ற ஒரே சிந்தனைதான். எந்த இலக்கும் எல்லாவற்றையும் கற்பிப்பதில்லை என்பதையும், ஒவ்வொன்றும் ஒன்றைக் கற்பிக்கும் என்பதையும் அவர்கள் தெளிவாக அறிந்திருந்தனர்.

துப்பாக்கி வந்து வில்லைப் போர்க்களத்திலிருந்து அகற்றிய பிறகு, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இங்கிலாந்தின் செல்வர்கள் அதை ஒரு கௌரவமான பொழுதுபோக்காகப் புதுப்பித்தார்கள். 1781-ஆம் ஆண்டில் ஸர் ஆஷ்டன் லீவர் என்பவரின் முயற்சியால் டாக்ஸோபிலைட் சங்கம் லண்டனில் தோன்றிற்று. வைக்கோலைக் கயிறுபோல் புரியாக முறுக்கி, அந்தப் புரியை வட்டமாகச் சுற்றிச் சுற்றித் தைத்து, நான்கடி விட்டமுள்ள திரணையாக்கி, அதன்மேல் துணிபோர்த்திப் பொன், சிவப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை என்று உள்ளிருந்து வெளியே ஐந்து வளையங்கள் தீட்டிய இலக்கு, இவ்வகைச் சங்கங்களின் புல்தரைகளில்தான் நிலைபெற்றது. வேல்ஸ் இளவரசராயிருந்து பின்பு நான்காம் ஜார்ஜ் மன்னரானவர், 9, 7, 5, 3, 1 என்று அவ்வளையங்களுக்கு மதிப்பெண் வகுத்தார். அழகான சாதனம், தேகத்துக்கும் மனத்துக்கும் இன்பம் தருவது. ஆனால் அந்தத் திரணை ஆணிமுனை அம்புக்கென்றே அமைந்தது. அலகுமுனை அம்பு ஒருமுறை தைத்தால் புரியின் தையல் அறுந்து, சுற்று நெகிழ்ந்துவிடும். மேலும் பளபளக்கும் பொன்வட்டத்தை நோக்கியே பழகிய கண்ணுக்கு, வட்டமே இல்லாத ஒரு மானின் பழுப்பு நிற மேனி எதையும் சொல்வதில்லை. எய்யும் கலை இங்கே செம்மையுற்றது; வேட்டையோடு அதற்கிருந்த உறவு அறுபட்டது.

அந்த உறவை மீண்டும் பிணைத்தது அமெரிக்கா. மாரிஸ் தாம்ஸன், வில் தாம்ஸன் என்ற சகோதரர் இருவரும், உள்நாட்டுப் போருக்குப் பின் ப்ளாரிடாவின் காடுகளிலும் சதுப்புநிலங்களிலும் வில்லேந்தி வேட்டையாடித் திரிந்தார்கள். மாரிஸ் அந்த அனுபவங்களை எழுதி 1878-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் தேசமெங்கும் ஓர் ஆர்வத்தைக் கிளப்ப, அடுத்த ஆண்டிலேயே தேசிய வில்வித்தைச் சங்கம் ஏற்பட்டது. ஆனால் நம் பொருளுக்கு மிக முக்கியமான நிகழ்ச்சி 1911-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கலிபோர்னியாவில் நிகழ்ந்தது. தன் இனத்தார் வெள்ளைக் குடியேறிகளால் அழிக்கப்பட்டபின், யாஹி என்னும் அக்குலத்தின் கடைசி மனிதராக மலைகளில் மறைந்து வாழ்ந்த இஷி, பசியாலும் தனிமையாலும் தளர்ந்து ஓரோவில் என்ற ஊரின் அருகே வெளிப்பட்டார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மானிடவியல் காட்சிசாலை அவருக்கு உறைவிடமாயிற்று. அண்டையிலிருந்த மருத்துவக் கல்லூரியின் ரணசிகிச்சை நிபுணரான ஸாக்ஸ்டன் போப் அவருக்கு நண்பரானார், வில்வித்தையில் மாணாக்கருமானார்.

இஷி குந்தியிருந்து, குறுகிய வில்லைப் பெருவிரலால் இழுத்து எய்வார். நெடுந்தொலைவிலுள்ள பெரிய வண்ணத் திரணையை எய்வது அவருக்குப் பழக்கமில்லாத காரியம். பதுங்கிச் சென்று, நெருங்கி, சிறிய ஒரு பொருளை எய்வதே அவருடைய வித்தை. அணிலையும் காடையையும் எய்து வயிறு வளர்த்த ஒரு குலத்தின் சிந்தனையில், இலக்கு என்பது கையகலப் பொருள். தூரம் என்பது கால்களின் பொறுமையால் குறைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று. 220 கஜத்துக்குக் குறைந்து எய்யலாகாது என்ற மன்னரின் சட்டத்தையும், இயன்றவரை அருகே சென்றன்றி எய்யலாகாது என்ற காட்டுமனிதரின் ஒழுக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால், போருக்குப் பயிலும் கையும் வேட்டைக்குப் பயிலும் கையும் எவ்வளவு வேறுபட்டவை என்பது விளங்கும். 1916-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இஷி காசநோயால் காலமானார். ஐந்தாண்டுகளுக்கும் குறைந்த அந்த நட்பிலிருந்து தோன்றிய விருட்சம் இன்னும் கிளைத்துக்கொண்டிருக்கிறது.

போப் ஒரு மருத்துவர். ஆகையால் இலக்கைப் பற்றியும் மருத்துவராகவே சிந்தித்தார். எரிமலைக் கண்ணாடிக் கல்லால் செய்த இஷியின் முனையும் எஃகு முனையும் உடலில் எவ்வாறு பாய்கின்றன என்று அறிய விரும்பிய அவர், ஒரு பெட்டியில் மாட்டு ஈரலை நிறைத்துத் தோல் போர்த்தி அதை எய்து பார்த்தார். கல்முனை எஃகுமுனையைக் காட்டிலும் ஆழமாக அறுத்துச் செல்வதைக் கண்டார். மற்றொரு முறை, காட்சிசாலையிலிருந்த பழைய இரும்பு வளையக் கவசத்தைப் பரீட்சிக்க முற்பட்டபோது, அங்கிருந்த பணியாள் தாமே அதை அணிந்து நிற்பதாகச் சொல்ல, போப் அதற்கு இணங்காமல், கோணித்துணி அடைத்த மரப்பெட்டியின்மேல் கவசத்தைப் போர்த்தி எய்தார். அம்பு கவசத்தைத் துளைத்து உட்புகுந்தது. இந்தப் பெட்டிகள் மதிப்பெண் அளப்பதற்காக வைக்கப்பட்டவையல்ல; அம்பு தைத்தால் உள்ளே என்ன நிகழ்கிறது என்ற கேள்விக்கு விடை சொல்ல வைக்கப்பட்டவை. இலக்கை ஓர் உடலாகக் கருதத் தொடங்கியது இங்கேதான். 1923-ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய வில்வேட்டை நூலைப் படித்தவர்களும், அவருடைய தோழர் ஆர்தர் யங் எடுத்த அலாஸ்காத் திரைப்படத்தைப் பார்த்தவர்களும் வில்லைக் கையிலெடுத்தார்கள்; 1927-ஆம் ஆண்டில் டெட்ராய்ட்டில் அந்தப் படத்தைக் கண்டு மனம் பறிகொடுத்த பிரெட் பேர், பிற்காலத்தில் அமெரிக்க வில்வேட்டையின் தந்தையெனப் போற்றப்படும் நிலையை அடைந்தார்.

1934-ஆம் ஆண்டில் விஸ்கான்ஸின் மாகாணம் வில்லுக்கென்று தனியே ஒரு மான்வேட்டைப் பருவத்தைத் திறந்தது. மற்ற மாகாணங்கள் ஒவ்வொன்றாகப் பின்பற்றின. 1939-ஆம் ஆண்டில், புல்தரைப் போட்டிகளில் திருப்தியுறாத வேட்டைக்காரர்கள் கூடிக் கள வில்வித்தைச் சங்கத்தை நிறுவினர். காட்டுப்பாதையில் மேடும் பள்ளமுமாக இலக்குகளை அமைத்து, நடந்து சென்று எய்யும் அந்த முறையில், இலக்காக நின்றவை குதிரைக்கும் மாட்டுக்கும் போடும் வைக்கோல் கட்டுக்களே. உழவர் வீட்டில் மலிவாகக் கிடைத்தன. அடுக்கி நிறுத்தினால் ஆளுயரம் எழும்பின. ஆனால் அலகுமுனை அம்பு வைக்கோல் தாளையும் கட்டுக்கயிற்றையும் ஒருசேர அறுத்ததால், கழகங்கள் பல, வைக்கோல் கட்டில் அவ்வகை அம்புகளைத் தடைசெய்து, தனியே ஒரு மணல் கரையை ஒதுக்கிக் கொடுத்தன. மணல் எந்த அம்பையும் நிறுத்தும்; கிழிவதில்லை; எய்தவன் தவறைக் கண்ணெதிரே காட்டும். ஆயினும் மணலில் ஒருமுறை தைத்த அலகு வேட்டைக்கு உதவாது. அரமும் சாணைக்கல்லும் கொண்டு அதை மறுபடியும் தீட்ட வேண்டும். ஆகையால் கருத்துடைய வில்லாளிகள், ஒரே நிறையும் ஒரே உருவமும் கொண்ட அலகுகளில் சிலவற்றைப் பயிற்சிக்கென்று ஒதுக்கி, மற்றவற்றை எதன்மீதும் எய்யாமல், சவரக்கத்தியைப் பேணுவதுபோல் உறையிலிட்டுப் பேணினார்கள். 1956-ஆம் ஆண்டில் பிரெட் பேர் வெளியிட்ட ரேஸர்ஹெட் என்னும் முனையில், இரண்டு பெரிய அலகுகளுக்கு நடுவே கழற்றிச் செருகக்கூடிய மெல்லிய சவர அலகொன்று இருந்தது. அலகை மாற்றிக்கொள்ளலாம் என்ற வசதி பிற்காலத்தில் பெருகப் பெருக, பழகுவதற்கும் கொல்வதற்கும் ஒரே முனையைப் பயன்படுத்தும் வழி திறந்தது.

அடுத்த மாறுதல் வில்லிலிருந்து வந்தது. மிஸௌரி மாகாணத்தைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் என்பவர், வில்லின் நுனிகளில் சக்கரங்களைப் பொருத்தி நாணை அவற்றின் வழியே ஓடவிட்டு அமைத்த கூட்டுவில்லுக்கு 1969-ஆம் ஆண்டின் இறுதியில் காப்புரிமை பெற்றார். முழுதும் இழுத்த நிலையில் கைக்குப் பாரம் குறைந்து, விட்டபின் அம்புக்கு வேகம் கூடும் அந்த வில், சில பத்தாண்டுகளுக்குள் வினாடிக்கு ஏறத்தாழ 300 அடி ஓடும் அம்புகளைப் பிறப்பித்தது. வேகம் இருமடங்கானால் மோதும் சக்தி நான்கு மடங்காகும் என்பது பௌதிக நியதி. பாட்டனாரின் மரவில்லுக்கு ஈடுகொடுத்த வைக்கோல் கட்டைப் பேரனின் அம்பு ஊடுருவி, இறகும் கிழிந்து மறுபுறம் போய் விழுந்தது.

வைக்கோல் விட்ட இடத்தைச் செயற்கை நுரை பிடித்தது. பாலி எத்திலீன் நுரைத் தகடுகளைப் புத்தகத்தின் ஏடுகள்போல் அடுக்கி இறுக்கிக் கட்டிய இலக்கில், அம்பு தகடுகளின் இடையே புகும். இருபுறமும் தகடுகள் தண்டைப் பற்றிப் பிடிக்க, உராய்வே அம்பை நிறுத்தும். உருக்கி வார்த்த நெகிழ்வான நுரையோ, அலகு அறுத்த பிளவு அம்பைப் பிடுங்கியபின் மீண்டும் ஒன்றோடொன்று ஒட்டி நெருங்குமாறு அமைந்தது. பழைய மண்மேட்டின் குணத்தை, அதன் கற்கள் இல்லாமல், இந்த நுரை பெற்றது என்று சொல்லலாம். இதற்கும் குறைகள் உண்டு. வேகமாகப் பாயும் தண்டின் உராய்வுச் சூட்டில் நுரை இளகித் தண்டோடு ஒட்டிக்கொள்ளும். பிடுங்க இருவர் வேண்டியிருக்கும். கந்தல் திணித்த சாக்கு இலக்குகள் ஆணிமுனை அம்பை ஆண்டுக்கணக்கில் தாங்கி, இரண்டு விரல்களால் பிடுங்கக் கொடுக்கும். ஆனால் அலகுமுனையை எய்தால் சாக்குத்துணி கிழிந்து உள்ளிருப்பது வெளிவரும், கந்தலில் சிக்கிய அலகோ திரும்பாது. ஆகவே நாள்தோறும் கைப்பழக்கத்துக்குச் சாக்கும், பருவம் நெருங்கும் வாரங்களில் அலகுமுனைக்கு நுரையுமாக இரண்டையும் வைத்துக்கொள்வது அனுபவசாலிகளின் வழக்கமாயிற்று. ஒரே புள்ளியைப் பலமுறை எய்தால் இலக்கு அங்கே குழிந்து போவதோடு, முன்னே தைத்த அம்பைப் பின்னே வரும் அலகு வெட்டிவிடும். ஆதலால் ஒரு குறிக்கு ஓர் அம்பு என்று எய்கிறார்கள். சிக்கனத்துக்காக ஏற்பட்ட இவ்வழக்கம் நல்ல ஒழுக்கமாகவும் அமைந்தது. காட்டில் மான் இரண்டாவது அம்புக்காகக் காத்து நிற்பதில்லை.

பின்னர் நுரையைக் கொண்டே மானாகவும் கரடியாகவும் காட்டுப்பன்றியாகவும் முழு உருவங்கள் வார்க்கப்பட்டன. அவற்றின் மேனியில் கண்ணைப் பறிக்கும் வண்ண வளையம் இல்லை. மார்பின் எந்தப் புள்ளியில் எய்வது என்பதை வில்லாளி தன் மனக்கண்ணால் தேர்ந்துகொள்ள வேண்டும். விலங்கு சற்றே திரும்பி நின்றால், அம்பு எந்த விலாவில் நுழைந்து எந்த நுரையீரலைக் கடந்து செல்லும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். துரோணர் கிளையில் வைத்த பறவையும், போப் ஈரல் நிறைத்த பெட்டியும், இஷியின் கையகல இலக்கும் இந்த உருவத்தில் ஒன்றுகூடியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. இலக்கைக் காக்க அம்பை மழுக்கிய காலம் கழிந்து, அம்பையும் இலக்கையும் ஒருங்கே காத்து, காட்டில் நிகழப்போவதை முன்கூட்டியே உண்மையாக ஒத்திகை பார்க்கும் காலம் வந்தது.

வேட்டை நியாயமா என்பதில் மனிதர்கள் கருத்து வேறுபடலாம். ஆனால் எய்வதென்று ஒருவன் துணிந்தபின், கூரில்லாத அலகையும் பழகாத கையையும் கொண்டுபோய் ஓர் உயிரின்முன் நிற்பது பாவம் என்பதில் இரண்டு கருத்து இருக்க இடமில்லை. அந்தப் பாவத்தைத் தடுக்க மனிதன் கண்டுபிடித்த சாதனங்களில் இலக்கைப்போல் எளியது வேறில்லை. அது பொய் சொல்லாது, முகத்துதி செய்யாது, பட்ட இடத்தை மறைக்காது. நுரைமான்களின் மார்புப் பகுதியை மட்டும் தனியே கழற்றி, தேய்ந்தபின் புதிது பொருத்திக்கொள்ளும்படி இப்போது செய்கிறார்கள். அப்படி ஒரு மானின் மார்பு பலமுறை மாற்றப்பட்டிருக்க, அதன் வயிற்றிலும் தொடையிலும் ஒரு கீறலும் இல்லாதிருந்தால், அதை எய்து பழகியவன் காட்டுக்குப் போகலாம். வயிறும் தொடையும் கிழிந்திருந்தால் அவன் இன்னும் ஒரு பருவம் அந்த நுரைமானின் முன்னேயே நிற்கட்டும்.